ஒரு நாள் ஒயினரி (ஒயின் தயாரிக்கிற இடம்) டூர் போயிட்டு வந்தேன்

காலைல ஏழரைக்கே வேன் வந்துடுச்சு, சிட்டி ட்ராஃபிக்க தாண்டவே ஒரு மணி நேரம் போச்சு, அப்புறம் ரெண்டு பக்கமும் வரிசை வரிசையா திராட்சைக் கொடி வர ஆரம்பிச்சதும் வேன்ல எல்லாரும் பேச்ச நிறுத்திட்டு ஜன்னல் பக்கம் சாஞ்சுட்டாங்க. கைடோட போறதுல பெரிய நிம்மதி, நாம வண்டி ஓட்ட வேண்டியதில்ல. குடிச்சிட்டு ஸ்டியரிங்க தொடவே கூடாது, அதுக்காகவே டூர் காசு கொடுக்கலாம்.

எனக்கு ரொம்ப பிடிச்சது தோட்டம்தான். கைடு ஒரு கருப்புத் திராட்சைய பறிச்சு என் உள்ளங்கைலயே நசுக்கி காட்டினாங்க, சாறுல கலரே இல்ல! கலர் பூரா தோல்லதான் இருக்காம், ரெட் ஒயினுக்கு தோலோட சேத்து புளிக்க விடுவாங்க, ஒயிட்டுக்கு முதல்லயே பிழிஞ்சு தோல எடுத்துடுவாங்க, ஈஸ்ட் சர்க்கரைய ஆல்கஹாலா மாத்திடும். நாக்க இழுத்துப் பிடிக்கிற அந்த துவர்ப்பும் தோல்லயும் விதைலயும் இருந்து வர்றதுதான்.

உள்ள பீப்பாய் ரூம் குளுகுளுன்னு இருந்துச்சு, ஓக் மர வாசனை. ஒரு பீப்பாய் 225 லிட்டர், அதாவது 300 பாட்டில்!

மொத்தம் மூணு ஒயினரி, மூணாவதுல அவசர அவசரமா கிளப்பிட்டாங்க, அதுக்குள்ள நாக்கும் மரத்துப் போச்சு. ரெண்டு இடம் மட்டும் காட்டுற டூரா பாத்து எடுங்க. வெறும் வயித்துல போகாதீங்க, டேஸ்ட் பண்ற ஒயின முழுங்காம டேபிள்ல இருக்குற பக்கெட்ல துப்பினா யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க, அது அதுக்குத்தான் வெச்சிருக்காங்க.