டெத் மேக்னடிக்: காத்திருந்த நாட்கள்

ஆகஸ்ட் 10, 2008

அடுத்த மாதம் வரப்போகும் 'டெத் மேக்னடிக்' ஆல்பத்திலிருந்து 'சயனைடு' பாட்டை மெட்டாலிகா குழுவினர் நேற்று டெக்சாஸில் ஓஸ்ஃபெஸ்ட் இசை விழா மேடையில் வாசித்துவிட்டார்கள். கூட்டத்துக்குள் யாரோ செல்பேசியில் எடுத்த பதிவு கிடைத்தது. கிக் டிரம் விழும்போதெல்லாம் மைக் திணறி மற்ற எல்லாமே அமுங்கிப் போகிறது. பேஸ் கேட்கவே இல்லை. ஆனாலும் நடுவில் கிடார் கலைஞர் கிர்க் ஹாமெட் சோலோ (தனி வாசிப்பு) வாசிப்பது தெளிவாகத் தெரிகிறது. 2003-ல் வந்த முந்தின ஆல்பம் 'செயின்ட் ஆங்கர்' 75 நிமிடம் ஓடியது. அதில் ஒரு சோலோ கூடக் கிடையாது.

ஆகஸ்ட் 11

சோலோ இருக்கிறது.

ஆகஸ்ட் 22

'தி டே தட் நெவர் கம்ஸ்' வெளியாகிவிட்டது. ஏறக்குறைய எட்டு நிமிடம். ஆல்பத்தின் பாட்டுப் பட்டியலில் நாலாவது இடம் என்றதுமே பழைய ரசிகர்களுக்குப் பாட்டின் ஜாடை தெரிந்துவிட்டது. பழைய ஆல்பமான 'ரைடு தி லைட்னிங்'கில் நாலாவது 'ஃபேட் டு பிளாக்'. 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்'-ல் நாலாவது 'சானிடேரியம்'. 'ஜஸ்டிஸ்'-ல் 'ஒன்'. 1991 கறுப்பு ஆல்பத்தில் 'தி அன்ஃபர்கிவன்'. மெட்டாலிகாவின் நாலாவது பாட்டு என்றால் மெதுவாகத் தொடங்கும். இதுவும் அப்படித்தான். பின்பாதியில் இரண்டு கிடாரும் ஜோடி சேர்ந்து ஓடும் இடத்தை மட்டும் எத்தனை தடவை கேட்டாலும் போதவில்லை.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. வேகப் பகுதியில் ஸ்நேர் டிரம் விழும்போதெல்லாம் அடியோடு சேர்ந்து காகிதம் கிழிகிற மாதிரி ஒரு 'சரக்'. வானொலியிலிருந்து பிடித்த எம்பி3 என்பதால் இருக்கலாம். வானொலி நிலையங்கள் எல்லாப் பாட்டையும் தங்கள் கம்ப்ரெஸரில் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கருவி) ஒரு முறை நசுக்கித்தான் அனுப்பும். தட்டு (சிடி) வரட்டும்.

ஆகஸ்ட் 27

'மை அபோகலிப்ஸ்'. ஐந்தே நிமிடம், மூச்சுவிட இடமில்லை. 'பப்பெட்ஸ்' முடிவில் 'டேமேஜ் இன்க்.', 'ஜஸ்டிஸ்' முடிவில் 'டயர்ஸ் ஈவ்' இருந்த அதே கடைசி இருக்கை. யாரை எங்கே உட்கார வைப்பது என்பது அவர்களுக்கு மறுபடி நினைவு வந்துவிட்டது.

இதிலும் அந்தச் 'சரக்' இருக்கிறது.

செப்டம்பர் 3

ஆல்பம் கசிந்துவிட்டது. பிரான்சில் ஒரு கடை பத்து நாள் முந்தியே தட்டை விற்றுவிட்டதாம். 2000-ல் இணையக் கோப்புப் பகிர்வுச் சேவையான நாப்ஸ்டர் மேல் வழக்குப் போட்ட டிரம்மர் லார்ஸ் உல்ரிக் இந்தத் தடவை கோபப்படவில்லை, இந்தக் காலத்தில் இப்படித்தான் நடக்கும் என்கிற தொனியில் பேசியிருக்கிறார். அதுவே பெரிய மாற்றம்.

கசிந்த கோப்பைக் கேட்கப் போவதில்லை. எத்தனை தடவை சுருக்கப்பட்டது என்று தெரியாத எம்பி3-யை வைத்து ஒலியைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

செப்டம்பர் 7

இந்த இசைக்குழுவின் ரசிகர்களுக்கு ஒலியைப் பற்றிய மனக்குறை புதிது இல்லை. 1988-ல் 'ஜஸ்டிஸ்': ஜேசன் நியூஸ்டெட்டின் பேஸ் கிடாரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 2003-ல் 'செயின்ட் ஆங்கர்': ஸ்நேரின் அடியில் இருக்கும் கம்பி வலையைத் தளர்த்திவிட்டு வாசித்ததால் தகர டின்னைத் தட்டுகிற ஓசை. ஆனால் இந்த இரண்டும் தெரிந்தே எடுத்த முடிவுகள். பிடிக்காமல் போகலாம், கோளாறு என்று சொல்ல முடியாது. பேஸைக் குறைத்து வைத்ததால் 'ஜஸ்டிஸ்'-ல் வேறு எதுவும் உடையவில்லை.

ஐந்து நாள்.

செப்டம்பர் 12

வந்துவிட்டது.

தட்டோடு வந்த சிறுபுத்தகத்தின் பக்கங்களில் சவக்குழி வடிவத்தில் ஓட்டை வெட்டியிருக்கிறார்கள். பக்கத்தைப் புரட்டப் புரட்டக் குழியின் ஆழம் குறைகிறது. பாட்டு வரிகளின் நடுவிலும் அதே ஓட்டை. விரல் அதில் போய்ப் போய் நிற்கிறது.

பத்துப் பாட்டு, 75 நிமிடத்துக்குச் சற்றே குறைவு. முதல் பாட்டு இதயத் துடிப்பில் தொடங்குகிறது, அதன் மேல் மெல்லிய கிடார், பிறகு எல்லோரும் ஒன்றாக வந்து விழுகிறார்கள். கறுப்பு ஆல்பத்திலிருந்து கூட இருந்த தயாரிப்பாளர் பாப் ராக் போய், தயாரிப்பாளர் இருக்கையில் ரிக் ரூபின். சுருதி 'செயின்ட் ஆங்கர்' போன பாதாளத்திலிருந்து ஏறி, பெரும்பாலும் பழைய ஈ ஸ்டாண்டர்டுக்கு (கிடாரின் வழக்கமான சுருதி) வந்துவிட்டது. அது மேலே வந்தால் கம்பியின் இழுவிசை கூடும். பாடகரும் கிடார் கலைஞருமான ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டின் வலது கை கீழ்நோக்கி மட்டுமே அடிக்கும் ரிஃப்களில் (திரும்பத் திரும்ப வரும் கிடார் துண்டுகள்) ஒவ்வொரு அடியும் தனித்தனியாகத் தெறிக்கும். 'ஆல் நைட்மேர் லாங்'கில் தெறிக்கிறது. 'தி ஜூடாஸ் கிஸ்'-ல் தெறிக்கிறது. பேஸ் வாசிக்கும் ராபர்ட் ட்ருஹியோவுக்கு இதுதான் மெட்டாலிகாவோடு முதல் ஸ்டுடியோ ஆல்பம், பேஸ் கேட்கிறது!

பாட்டுகள் தேறிவிட்டன. இதை முதலில் எழுதி வைக்க வேண்டும், ஏனென்றால் நாளை எழுதப் போவது வேறு.

செப்டம்பர் 13

தட்டிலும் 'சரக்' இருக்கிறது.

தட்டைக் கோப்பாக்கும் ஈஏசி மென்பொருளில் செக்யூர் முறையில் இரண்டு தடவை ரிப் செய்தாயிற்று. இரண்டும் பிட்டுக்குப் பிட் ஒன்று. பிரதிகளை ஒப்பிடும் ஆக்யுரேட்ரிப் தரவுத்தளமும் மற்றவர்களின் பிரதியோடு பொருந்துகிறது என்கிறது. தட்டில் கீறல் இல்லை, டிரைவில் பிழை இல்லை. எழுதியிருப்பதே அப்படித்தான்.

ஒலி அலையை வரைபடமாகக் காட்டும் ஆடாசிட்டி மென்பொருளில் 'பப்பெட்ஸ்' பழைய தட்டையும் இதையும் மேலும் கீழுமாகத் திறந்தால் கேட்கவே வேண்டாம், கண்ணுக்கே தெரிகிறது. 'பப்பெட்ஸ்' பனைமட்டைக் கருக்கு மாதிரி: டிரம்ஸ் விழும் இடத்திலெல்லாம் முள் நீட்டிக்கொண்டு நிற்கிறது. 'டெத் மேக்னடிக்' இழைப்புளி போட்டுச் சீவிய பலகை. வியூ மெனுவில் ஷோ கிளிப்பிங்கை (உச்சி வெட்டுப்பட்ட இடங்களைக் காட்டுவது) இயக்கினால் பலகை முழுக்கச் சிவப்புக் கோடு.

'புரோக்கன், பீட் அண்டு ஸ்கார்டு'-ல் ஒரே ஒரு ஸ்நேர் அடியை எடுத்துக்கொண்டு, சாம்பிள்கள் (அலையை அளந்த தனி எண்கள்) தனித்தனிப் புள்ளியாகத் தெரியும் வரை பெரிதாக்க வேண்டும். புள்ளிகள் செங்குத்தாக ஏறுகின்றன, உச்சியில் வளைந்து இறங்க வேண்டிய இடத்தில் பத்துப் பன்னிரண்டு புள்ளி ஒரே மட்டத்தில் வரிசையாக நிற்கின்றன, பிறகு திடீரென்று சரிகின்றன. வினாடிக்கு 44,100 சாம்பிள் என்பதால் பத்து சாம்பிள் என்பது வினாடியில் நாலாயிரத்தில் ஒரு பங்கு கூட இல்லை. இவ்வளவு சிறியது எப்படிக் காதில் விழும் என்று தோன்றும். அலையின் தலையை வெட்டினால் வெட்டின மூலைகள் மூலத்தில் இல்லாத உயர் அதிர்வெண்களைப் புதிதாகப் பிறப்பிக்கும். அந்தச் 'சரக்' அதுதான். ஒரு தடவை என்றால் தெரியாது. ஒவ்வொரு அடிக்கும், பத்துப் பாட்டிலும் என்றால் காது சலித்துப்போகிறது.

16 பிட் தட்டில் உச்ச எண் 32,767. அதற்கு மேல் இடம் கிடையாது. சராசரி ஒலியை ஏற்ற வேண்டுமென்றால் உச்சிகளை நசுக்கித்தான் ஆக வேண்டும், உச்சிகள் என்றால் பெரும்பாலும் டிரம்ஸ். அதனால்தான் கிடார் தாக்குப்பிடிக்கிறது, லார்ஸின் ஸ்நேரும் கிக்கும் அடிபடுகின்றன.

செப்டம்பர் 14

ஒலியைக் குறைத்து வைத்தாலும் போகவில்லை. போகாது.

செப்டம்பர் 16

கிடார் ஹீரோ 3, கிடார் வாசிக்கிற மாதிரி ஆடும் வீடியோ விளையாட்டு!

தட்டு வெளியான அன்றே ஆல்பம் முழுவதும் அந்த விளையாட்டுக்கும் வந்தது. அதிலிருந்து எடுத்த ஒலியில் சரக் இல்லை. ஸ்நேருக்கு உடம்பு இருக்கிறது, அடி விழுந்த பிறகு அறையின் எதிரொலி கூடக் கேட்கிறது. ஒரே வாசிப்பு, ஒரே பதிவு.

காரணம் எளிது. விளையாடுகிறவர் ஒரு நோட்டைத் தவறவிட்டால் கிடார் மட்டும் அந்த நொடி மௌனமாக வேண்டும். அதற்கு கிடார், பேஸ், மீதி என்று தனித்தனித் தடங்களாகத்தான் கொடுக்க முடியும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்த பிறகு கடைசியில் போடும் நசுக்கல் தனித்தடங்களில் விழாது. விளையாட்டை உருவாக்கியவர்கள் நல்ல ஒலி வேண்டும் என்று கேட்டதால் வந்தது இல்லை இது, விளையாட்டின் அமைப்பால் தானாக வந்தது.

ஒப்பிடுகிறவர்கள் ஒரு தவறைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள்: இரண்டையும் அப்படியே அடுத்தடுத்துப் போடுகிறார்கள். சத்தம் கூடியதுதான் நல்லது என்று காது ஏமாறும். இரண்டிலும் ஒரே முப்பது வினாடியை வெட்டி எடுத்து, சராசரி அளவை ஒன்றாக்க வேண்டும். தட்டுப் பதிப்பை ஏறக்குறைய 10 டெசிபல் இறக்கினால்தான் இரண்டும் சமமாகின்றன. பத்து டெசிபல்! காதுக்கு அது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சத்தம். சமப்படுத்திவிட்டுக் கேட்டால் தட்டுப் பதிப்பு தட்டையாக, ஒட்டிப்போய்க் கேட்கிறது. விளையாட்டுப் பதிப்பு எழுந்து நிற்கிறது.

செப்டம்பர் 18

அமெரிக்காவில் மூன்றே நாளில் 4,90,000 பிரதி. பில்போர்டு ஆல்பப் பட்டியலில் முதலிடம். ஸ்டுடியோ ஆல்பங்கள் தொடர்ந்து ஐந்து முதலிடத்தில் அறிமுகமானது இதற்கு முன் எந்தக் குழுவுக்கும் நடந்ததில்லை. இருபது வருடம் விலகி இருந்தவர்கள் கூடத் திரும்பி வந்து வாங்கியிருக்கிறார்கள். மனசு நிறைந்திருக்கிறது.

செப்டம்பர் 19

ஸ்டெர்லிங் சவுண்டு ஸ்டுடியோவில் மாஸ்டரிங் (தட்டாவதற்கு முன் செய்யும் கடைசி ஒலிச் சரிசெய்தல்) செய்த டெட் ஜென்சன் ஒரு ரசிகருக்கு எழுதிய பதில் வெளியே வந்துவிட்டது. மிக்ஸ் (எல்லாத் தடங்களையும் கலந்த வடிவம்) தன்னிடம் வரும்போதே நசுங்கித்தான் வந்தது என்கிறார், இதில் தன் பெயர் இருப்பதில் அவருக்கே வருத்தம்.

இதன் பொருள் பலருக்கு உறைக்கவில்லை. கோளாறு மாஸ்டரிங்கில் என்றால் மூல மிக்ஸை எடுத்து மறுபடி மாஸ்டர் செய்தால் தீர்ந்தது, ஒன்றிரண்டு நாள் வேலை. கோளாறு மிக்ஸிலேயே என்றால் ஒவ்வொரு தடத்தையும் திரும்ப எடுத்து பத்துப் பாட்டையும் முதலிலிருந்து கலக்க வேண்டும். 'ரீமாஸ்டர் செய்யுங்கள்' என்று கேட்கிறவர்கள் 'ரீமிக்ஸ் செய்யுங்கள்' என்று மாற்றிக் கேட்க வேண்டும்.

செப்டம்பர் 21

டீகிளிப்பர் (வெட்டுப்பட்ட உச்சிகளைத் திரும்பக் கட்டும் கருவி) முயற்சி. குறிப்புக்காக:

முதலில் கோப்பை 32 பிட் ஃப்ளோட் வடிவத்துக்கு மாற்றி, அளவை 8 முதல் 10 டெசிபல் இறக்க வேண்டும். இறக்காமல் ஓட்டினால், கருவி கட்டித் தரும் புது உச்சிகள் மறுபடியும் கூரையில் முட்டி மறுபடியும் வெட்டுப்படும். நிறையப் பேர் 'ஒன்றும் மாறவில்லை' என்று சொல்வது இந்த இடத்தில்தான். அடுத்து, எந்த மட்டத்துக்கு மேல் இருப்பதை வெட்டுப்பட்டதாகக் கொள்வது என்ற எல்லை. மிகக் கீழே வைத்தால் நல்ல அலையையும் தொட்டுக் கெடுத்துவிடும்.

மூன்று நாலு சாம்பிள் வெட்டு என்றால் இரு பக்கச் சரிவையும் பார்த்து நடுவில் வளைவு போட்டுவிடுகிறது, கேட்க நன்றாகவே இருக்கிறது. பத்துக்கு மேல் போனால் அது ஊகம்தான். வெட்டுக்கு முன்னாலேயே லிமிட்டர் (உச்சிகளை ஒரு மட்டத்துக்கு மேல் போகவிடாத கருவி) அமுக்கிவிட்ட அடியை எந்தக் கருவியாலும் எழுப்ப முடியாது. சரக் குறைந்தது. உடம்பு வரவில்லை.

எம்பி3 ஆக்குகிறவர்கள் அதற்கு முன்பே இரண்டு மூன்று டெசிபலாவது இறக்கிவிடுங்கள். உச்சியிலேயே நிற்கும் அலையைச் சுருக்கி விரித்தால் உச்சி மேலே துள்ளும், இயக்கும்போது இன்னொரு முறை வெட்டுப்படும்.

செப்டம்பர் 27

குழுவின் பழைய பேஸ் கலைஞர் கிளிஃப் பர்ட்டன் இறந்து 22 வருடம். இன்று இந்த ஆல்பத்தின் 'சூசைடு அண்டு ரிடெம்ப்ஷன்' மட்டும் கேட்டாயிற்று. 1988-க்குப் பிறகு அவர்கள் செய்த முதல் வாத்திய இசை.

செப்டம்பர் 30

ஆல்பத்தை ரீமிக்ஸோ ரீமாஸ்டரோ செய்யக் கேட்கும் ரசிகர்களின் மனுவில் கையெழுத்து பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டது.

'பாட்டைக் கேளுங்கள், வரைபடத்தைப் பார்க்காதீர்கள்' என்று சிலர் திட்டுகிறார்கள். வரைபடத்தைப் பார்த்து யாரும் தொடங்கவில்லை. காதில் உறுத்தியது, பிறகுதான் பார்த்தோம். இந்த ஆல்பம் சுமாராக இருந்திருந்தால் ஒருவரும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார்கள். 'செயின்ட் ஆங்கர்' ஸ்நேருக்கு எத்தனை பேர் மனு போட்டார்கள்? ஒதுக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அக்டோபர் 4

விளையாட்டுப் பதிப்பைத் தலையில் தூக்கி வைக்கவும் வேண்டாம். தடங்களை ரசிகர்களே கூட்டிக் கலக்கிறார்கள், பேஸ் எவ்வளவு என்பது அவரவர் கை. சில பிரதிகளில் சோலோ பின்னால் போய்விட்டது. ஒன்றில் பேஸை ஏற்றி ஏற்றி, கடைசியில் 'நார்மலைஸ்' (உச்சியைக் கூரை வரை ஏற்றுவது) போட்டு, போதாதென்று லிமிட்டரும் போட்டு, எதிலிருந்து தப்பித்தோமோ அதிலேயே கொண்டுபோய்த் தள்ளியிருக்கிறார்.

கலக்கிறவர்கள் எல்லாத் தடத்தையும் ஒரே அளவில், சுழியத்தில் வைத்துக் கூட்டுங்கள். கூட்டின உச்சி கூரையைத் தொட்டால் மொத்தத்தையும் சேர்த்து இறக்குங்கள், ஒன்றை மட்டும் இல்லை. 'சூசைடு அண்டு ரிடெம்ப்ஷன்' விளையாட்டில் இரண்டு விதம் இருக்கிறது, ஒன்றில் ஹெட்ஃபீல்டின் சோலோ, இன்னொன்றில் ஹாமெட்டின் சோலோ. எது என்று கோப்பின் பெயரிலேயே எழுதி வையுங்கள்.

அக்டோபர் 5

ஹெட்ஃபீல்டின் சோலோ.

அக்டோபர் 9

முதல் பாட்டின் இதயத் துடிப்பை இரண்டு பதிப்பிலும் தனியாக வெட்டி எடுத்தாயிற்று. அளவு சமப்படுத்தியாயிற்று. துடிப்புக்கும் எல்லோரும் வந்து விழும் அந்த முதல் அடிக்கும் இடையே எத்தனை டெசிபல் ஏற்றம் என்பதை நாளை அளக்க வேண்டும், முதலில் விளையாட்டுப் பதிப்பில், பிறகு தட்டில்.