எடையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய எண்

மார்ச் 14, 2025, வெள்ளி

ஏற்காட்டிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். காபித் தோட்டத்தில் கவாத்து வேலை. முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கித் தினமும் விழுங்குகிறாளாம். எச்.ஐ.வி.யை அடக்கும் ஏ.ஆர்.டி. மாத்திரை சாப்பிடுவதைக் கடையில் சொன்னாயா என்று கேட்டேன். "ஊரே வந்துபோகும் கடை அக்கா, எப்படிச் சொல்வேன்?" என்றாள்.

அந்த அச்சத்தை நான் அறிவேன், நானும் எச்.ஐ.வி.யோடு வாழ்பவள்தான். ஆனால் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த எங்கள் டி.எல்.டி. மாத்திரையில் டெனோஃபோவிர் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது. அங்குள்ள நுண்குழாய்களைச் சிலருக்கு அது அரிக்கும். அதனுடன் டைக்ளோஃபெனாக் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரெனச் செயலிழக்கக்கூடும். கடையில் நோயின் பெயரைச் சொல்லத் தேவையில்லை, "சிறுநீரகத்தில் தொந்தரவு, பாராசிட்டமால் போதும்" என்று கேள் என்றேன்.

மார்ச் 18, செவ்வாய்

அவளுடன் ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போனேன். தசையில் உண்டாகிச் சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியேட்டினின் இரத்தத்தில் 1.1. அறிக்கையில் அச்சிட்ட எல்லைக்குள்தான் இருந்தது, நான்கூட நிம்மதியடைந்தேன். மருத்துவர் அதோடு விடவில்லை. வயது 48, எடை 40 கிலோ. 140இல் வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, 72 மடங்கு கிரியேட்டினினால் வகுத்து, பெண் என்பதால் 0.85ஆல் பெருக்கினார். சிறுநீரகம் வடிகட்டும் அளவு நிமிடத்துக்கு 39 மில்லிலிட்டர் என்று வந்தது. 50க்குக் கீழே போனால் டெனோஃபோவிர் கூடாது.

மெலிந்த உடம்பில் தசை குறைவு, கிரியேட்டினினும் குறைவாகவே உண்டாகும். எனவே பாதிப்பு இருந்தும் எண் நல்லதாகத் தெரிகிறது. இதை நம் பெண்கள் ஒவ்வொருவரிடமும் சொல்ல வேண்டும்.

டோலுடெக்ராவிரும் கிரியேட்டினினைச் சற்று உயர்த்திக் காட்டும். அதனால் சிறுநீரகம் கெடுவதில்லை. அது மட்டுமே காரணமாக இருக்கலாமே என்று கேட்டேன். மருத்துவர் சிறுநீர் அறிக்கையைக் காட்டினார். இரத்தத்தில் சர்க்கரை சரியாக இருக்கிறது, சிறுநீரிலோ சர்க்கரையும் புரதமும் இறங்கியிருக்கின்றன. நுண்குழாய் கெட்டதன் அடையாளம் அது. பாஸ்பேட்டும் இப்படியே வீணாகி எலும்பு வலிக்குமாம். அவள் மாத்திரை விழுங்கியதே அந்த வலிக்காக இருக்குமோ என்று எண்ணியபோது எனக்கு நெஞ்சு பதறியது. பாஸ்பேட் பரிசோதனையும் ஹெபடைட்டிஸ் பி பரிசோதனையும் எழுதிக் கொடுத்தார். டெனோஃபோவிர் அந்தக் கல்லீரல் கிருமியையும் அடக்கி வைப்பதால், அதைப் பார்க்காமல் நிறுத்தக் கூடாது.

மார்ச் 20, வியாழன்

இரவு தொலைபேசியில் அழுதாள். எல்லா மாத்திரையையும் நிறுத்திவிடப் போகிறாளாம். கூடவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். அடக்கப்படாத எச்.ஐ.வி. தானே சிறுநீரகத்தைத் தின்னும். சிகிச்சையை இடையிடையே நிறுத்தியவர்களுக்கு இதயம், கல்லீரல், சிறுநீரக நோய்கள் கூடின என்று 2006இல் வெளியான பெரிய ஆய்வே காட்டிவிட்டது. மருந்தை மாற்ற வேண்டும், விடக் கூடாது.

மார்ச் 25, செவ்வாய்

ஹெபடைட்டிஸ் பி இல்லை. பாஸ்பேட் குறைவு. டெனோஃபோவிருக்குப் பதில் அபாகாவிர் கொடுத்தார்கள். மற்ற இரண்டும் அப்படியே. காய்ச்சலோடு தடிப்பு வந்தால் உடனே வர வேண்டும், நிறுத்தியபின் தானாக மறுபடி தொடங்கவே கூடாது என்று மருத்துவர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஏப்ரல் 22, செவ்வாய்

கிரியேட்டினின் 0.9, கணக்கில் 48. சிறுநீரில் சர்க்கரை இல்லை, புரதம் லேசாக இருக்கிறது. முழங்கால் வலி தணிந்திருக்கிறது. வெயிலுக்குச் சேலத்தில் தங்க மாட்டேன் என்று மதியமே மலைப் பேருந்து ஏறினாள்.

போகுமுன் ஒன்று கேட்டாள்: ஏற்காட்டு மருத்துவரிடம் சொன்னால் அவர் பிறரிடம் சொல்லிவிட மாட்டாரா? 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டப்படி, அதில் சொன்ன சில விலக்குகள் தவிர, நம் சம்மதமின்றி அவர் வெளியிட முடியாது என்றேன். மாத்திரைகளின் பெயர்களை ஒரு சீட்டில் எழுதித் தரச் சொன்னாள். தந்தேன். ஜூலையில் அடுத்த பரிசோதனை. சிறுநீருக்கும் சேர்த்தே எழுதி வாங்கியிருக்கிறோம்.