சத்திரத்தான் கையில் கொடுத்த இரண்டு பணம்

இயேசு சொன்ன நல்ல சமாரியன் உவமையைப் பற்றிய பிரசங்கங்களில், அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டும் விலகிப்போன ஆசாரியனுக்கும் லேவியனுக்கும் கண்டனம் கிடைக்கும், சமாரியனுக்குப் பாராட்டு கிடைக்கும், ஆனால் உவமையின் கடைசியில் வந்து நிற்கும் சத்திரத்தானைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசப்படாமலே ஆசீர்வாதம் கூறி முடித்துவிடுவார்கள். வேறு ஊர்களில் எப்படியோ, வேலூரில் வாழ்கிற கிறிஸ்தவர்கள் அந்த மனிதனை அவ்வளவு எளிதாகக் கடந்து போய்விடக் கூடாது என்பது என் எண்ணம். கர்த்தரை நம்புவதும் பிறருக்கு இரங்குவதும் எந்த இடத்தில் ஒன்றாகச் சேருகின்றன என்பதை அவனுடைய நிலைமையிலிருந்துதான் நான் ஓரளவு புரிந்துகொண்டேன்.

லூக்கா 10ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள். எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகும் வழியில் குற்றுயிராய்க் கிடந்தவனுடைய காயங்களில் சமாரியன் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டுகிறான், தன் வாகனத்தில் ஏற்றிச் சத்திரத்துக்குக் கொண்டுவருகிறான், அன்றிரவு அவனைப் பராமரிக்கிறான். மறுநாளே புறப்பட்டுவிடுகிறான். புறப்படும்போது இரண்டு பணத்தைச் சத்திரத்தான் கையில் கொடுத்து, அதற்கு மேல் செலவானால் "நான் திரும்பிவரும்போது அதை உனக்குத் தருவேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறான். திராட்சத்தோட்டத்து வேலையாட்களுக்கு நாளொன்றுக்கு ஒரு பணம் கூலி பேசப்பட்டதாக மத்தேயு 20ஆம் அதிகாரத்தில் படிக்கிறோம். அந்தக் கணக்குப்படி பார்த்தால் இது இரண்டு நாள் கூலி. கள்ளர் கையில் அடிபட்டு உயிர் ஊசலாடிக்கொண்டிருப்பவன் இரண்டு நாள் கூலியில் எழுந்து நடக்கப்போவதில்லை என்பது தொழில் தெரிந்த சத்திரத்தானுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? கையில் இருப்பது போதாது, மீதியைத் தன்னுடைய எண்ணெயிலும் தன்னுடைய மாவிலும் இருந்துதான் எடுக்கவேண்டும், அதற்கு ஈடாக அவனிடம் இருப்பதெல்லாம் ஒரு வழிப்போக்கனின் வாக்கு மட்டுமே. அதுவும் யூதர் சம்பந்தங்கலவாத சமாரியனின் வாக்கு. அடமானம் இல்லை, சாட்சியும் இல்லை. சத்திரத்தான் அதற்குச் சம்மதித்தானா, சமாரியன் சொன்னபடி திரும்பி வந்தானா என்பதையெல்லாம் இயேசு சொல்லாமலே விட்டுவிடுகிறார்.

ஆதித் திருச்சபையின் அறிஞர்களான ஒரிகன், அகுஸ்தீன் ஆகியோர் இந்தச் சமாரியனில் கிறிஸ்துவையும் சத்திரத்தில் சபையையும் கண்டார்கள். உவமையில் வரும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு மறைபொருள் தேடும் அந்த வழக்கம் எனக்கு முழுவதும் ஏற்புடையதன்று. ஆனாலும் இந்த ஓரிடத்தில் அவர்கள் கண்டதைத் தள்ளிவிட முடியவில்லை. திரும்பி வருவேன் என்று சொல்லிப் போனவருடைய வாக்கின்மேல், அவர் ஒப்படைத்துப் போன காயப்பட்டவனுக்காகச் செலவு செய்துகொண்டிருப்பதுதானே சபையின் வேலை? "கர்த்தரை நம்பி நன்மைசெய்" என்று சங்கீதம் 37:3 இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லுகிறது. நாமோ முதல் பாதியை ஞாயிறு ஆராதனைக்கும், இரண்டாம் பாதியை ஆண்டுக்கொரு முறை கிறிஸ்துமஸ் காலத்தில் போர்வை வழங்கும் நிகழ்ச்சிக்கும் என்று பிரித்து வைத்துக்கொண்டோம்.

வேலூருக்குப் பக்கத்துக் காட்பாடி சந்திப்பில் ஹவுராவிலிருந்தோ கவுகாத்தியிலிருந்தோ ஒரு ரயில் வந்து நிற்கும்போது நடைமேடையில் நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்லப்போவது விளங்கும். மேற்கு வங்காளம், அசாம், திரிபுரா, ஜார்க்கண்ட் ஆகிய மாநிலங்களிலிருந்தும் எல்லை தாண்டி வங்கதேசத்திலிருந்தும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) மருத்துவமனைக்கு வரும் நோயாளிகள் இறங்குகிறார்கள். ஸ்கேன் படங்கள் அடங்கிய பெரிய உறையை மார்போடு அணைத்துக்கொண்டு, எந்த ஆட்டோக்காரரை நம்புவது என்று தெரியாமல், மொழி தெரியாத ஊரில் அவர்கள் நிற்கிறார்கள். காந்தி ரோட்டிலும் அதை ஒட்டிய சந்துகளிலும் லாட்ஜ்களின் பெயர்ப் பலகைகள் வங்காள எழுத்தில் இருக்கின்றன, மளிகைக் கடைகளில் கடுகு எண்ணெய் விற்கிறது. இந்தத் தெருக்களில் அறை வாடகைக்கு விடுகிறவர்கள் பலர் வியாபாரிகள். அதில் தவறொன்றும் இல்லை, உவமையில் வரும் சத்திரத்தானும் வியாபாரிதான்.

தோட்டப்பாளையம் பக்கம் எனக்குத் தெரிந்த ஓர் அக்கா, கணவர் இறந்தபின் மாடியில் இருந்த மூன்று அறைகளை நோயாளிகளின் குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறார். ஒரு முறை வங்காளத்துக் கிராமம் ஒன்றிலிருந்து தகப்பனும் பத்து வயது மகளுமாக இருவர் அங்கே தங்கினார்கள். அந்தப் பெண் பிள்ளைக்கு ரத்த அளவு குறைவாக இருந்ததால் அறுவை சிகிச்சை தள்ளிப்போயிற்று, கொண்டுவந்த பணம் லாட்ஜுக்கும் பரிசோதனைகளுக்குமாகக் கரைந்துபோயிற்று. ஊருக்குப் போய் நிலத்தை ஈடு வைத்துப் பணம் அனுப்புவதாக அந்த மனிதர் கையைக் கூப்பிச் சொன்னார். அக்காவுக்கு வங்காளம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது, இருவருக்கும் தெரிந்த இந்தி நாலைந்து வார்த்தைக்கு மேல் போகாது. அக்கா தம்முடைய நீளக் கணக்கு நோட்டில் அவருடைய பெயருக்கு எதிரே ஒரு கோடு போட்டுவிட்டு, வாடகை கேட்பதை நிறுத்திக்கொண்டார். அது மட்டுமன்று, தினமும் காலையில் அந்தப் பிள்ளைக்கு உப்புக் குறைத்த கஞ்சியும், சில நாள் வேகவைத்த பீட்ரூட்டும் மாடிக்குப் போயின.

நான் போயிருந்த ஒரு காலையில், "அக்கா, பணம் வருமான்னு எப்படி நம்பறீங்க?" என்று கேட்டேன். "பாதிப் பேரு அனுப்பிடுவாங்கம்மா. மீதிப் பேரு ஊருக்குப் போயி என்ன கதியில இருக்காங்களோ, யாரு கண்டா?" என்றவர், உயிருக்குப் போராடிய கணவருக்கு அவசரமாக ரத்தம் தேவைப்பட்ட நாளில் முன்பின் தெரியாத ஒரு கல்லூரிப் பையன் வந்து கொடுத்துவிட்டு ஒரு டீகூடக் குடிக்காமல் போனதைச் சொன்னார். "அவனுக்கு நான் எந்த ஊர்ல போயித் திருப்பிக் கொடுக்கறது? நீ கொஞ்சம் இரு, கஞ்சி ஆறிடும்" என்று சொல்லிக்கொண்டே தூக்குவாளியை எடுத்துக்கொண்டு மாடியேறிப் போய்விட்டார். அந்த நோட்டில் தொகை வந்து அடிக்கப்பட்ட கோடுகளும் இருக்கின்றன, வராமலே நிற்கும் கோடுகளும் இருக்கின்றன. நன்மை செய்தால் கர்த்தர் பத்து மடங்காகத் திருப்பித் தருவார் என்று வட்டிக்கடைக் கணக்கில் பேசுகிற பிரசங்கியாரிடம் அந்த நோட்டைக் காட்டவேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை உண்டு.

சாறிபாத் ஊர் விதவையும் (1 இராஜாக்கள் 17) ஏறக்குறைய இதே நிலையில்தான் இருந்தாள். பானையில் ஒரு பிடி மாவும் கலயத்தில் கொஞ்சம் எண்ணெயும் மட்டுமே இருக்கையில், அந்நியனான எலியா தீர்க்கதரிசி முதலில் தனக்கு ஒரு சிறிய அடை சுட்டுத் தரும்படி கேட்டான். பானை நிறைந்த பிறகு அவள் கொடுக்கவில்லை, கொடுத்த பிறகும் பானை நிறைந்து வழியவில்லை. அன்றன்றைக்கு வேண்டியது குறையாமல் இருந்தது, அவ்வளவுதான்.

நம் ஊரின் வரலாற்றிலும் இதையே பார்க்கிறோம். இன்று தனி மாவட்டமாகிவிட்ட ராணிப்பேட்டையில் 1870இல் பிறந்தவரும் பின்னாளில் சி.எம்.சி.யை நிறுவியவருமான ஐடா ஸ்கடர், மிஷனரி வாழ்க்கை தமக்கு வேண்டாம் என்ற தீர்மானத்தோடு, நோயுற்றிருந்த தாயைக் கவனிப்பதற்காக மட்டுமே அமெரிக்காவிலிருந்து திண்டிவனத்துக்கு வந்திருந்தார். ஒரே இரவில் ஒருவர் பின் ஒருவராக மூன்று கணவன்மார் வந்து, பிரசவ வேதனையில் இருக்கும் தங்கள் மனைவியருக்கு உதவும்படி அழைத்ததும், மருத்துவரான தம் தந்தையை அனுப்புவதாக அவர் சொன்னபோது ஆண் மருத்துவர் கூடாது என்று அவர்கள் திரும்பிப் போனதும், விடிந்தபோது மூன்று பெண்களுமே இறந்திருந்ததும் வேலூரில் வளர்ந்த ஒவ்வொரு பிள்ளையும் ஞாயிறு பள்ளியில் கேட்ட கதை. அந்த இரவைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம், அதற்குப் பின் வந்த ஆண்டுகளைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. அவர் திரும்பிப் போய் 1899இல் மருத்துவப் பட்டம் பெற்று, 1900ஆம் ஆண்டுத் தொடக்கத்தில்தான் வந்து சேர்ந்தார். வந்த சில மாதங்களிலேயே, உடனிருந்து பழக்கிவிடுவார் என்று நம்பியிருந்த தந்தையும் இறந்துபோனார். அனுபவமில்லாத ஓர் இளம்பெண்ணிடம் நோயாளிகள் எளிதில் வந்துவிடவுமில்லை. நியூயார்க்கைச் சேர்ந்த ஷெல் என்ற வங்கியாளர் தம் மறைந்த மனைவியின் நினைவாகக் கொடுத்த 10,000 டாலரைக் கொண்டு 1902இல் பெண்களுக்கான மருத்துவமனை திறக்கப்பட்டது. ஆரணி ரோட்டில் ஷெல் என்ற பெயர் இன்றும் இருக்கிறது. பிறகு குடியாத்தம் சாலையில் மரத்தடியில் வண்டியை நிறுத்தி நோயாளிகளைப் பார்த்தார், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். திண்டிவனத்து இரவுக்கும் இந்தப் பள்ளிக்கும் இடையே ஏறக்குறைய கால் நூற்றாண்டுக் காலம் இருக்கிறது. இரக்கம் ஒரு இரவில் பிறந்துவிடும், அதற்குக் கை கால் முளைக்க இவ்வளவு பொறுமை வேண்டியிருந்தது.

வேலூருக்கு அருகே கரிகிரியில் தொழுநோயாளிகளுக்காக உழைத்த அறுவை சிகிச்சை மருத்துவர் பால் பிராண்டைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். நோயே விரல்களை அழுகி விழச் செய்கிறது என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், உணர்ச்சி மரத்துப்போனதால் ஏற்படும் காயங்களே அதற்குக் காரணம் என்பதை அவர் பொறுமையாகக் கண்டறிந்தார். தூக்கத்தில் எலி கடிப்பதுகூடத் தெரியாமல் சிலர் விரலை இழந்தார்கள் என்பது தெரிந்ததும், நோயாளிகள் வீடு திரும்பும்போது பூனை ஒன்றையும் உடன் கொண்டுபோகச் செய்தார்கள். பரிதாபப்பட்டுக் கண்ணீர் விடுகிறவர் ஒரு பூனையைப் பற்றி யோசித்திருக்க மாட்டார், உட்கார்ந்து விசாரித்தவர்தான் யோசித்தார்.

அவருடைய குழுவில் சேர்ந்த டாக்டர் மேரி வர்கீஸின் வாழ்க்கையோ, நம்பிக்கையைப் பற்றி நாம் எளிதாகச் சொல்லும் பலவற்றைச் சொல்ல விடாமல் தடுக்கிறது. 1954இல் நடந்த ஒரு வாகன விபத்தில் அவர் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். அவருக்காக ஜெபித்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். கால்கள் திரும்ப வரவில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிய கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார், பின்னர் மறுவாழ்வு மருத்துவம் பயின்று வந்தார், 1966இல் பாகாயத்தில் தொடங்கப்பட்ட மறுவாழ்வு நிலையத்துக்கு அவரே அடித்தளமாக இருந்தார். அங்கே முதுகுத்தண்டு அடிபட்டு வந்தவர்களுக்கு, தங்களைப் போலவே நாற்காலியில் வரும் மருத்துவரைக் கண்டதே பாதி மருந்தாக இருந்திருக்கும்.

இதை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், வார்டுகளில் நோயாளிகளைச் சந்திக்கப் போகிற நம்மில் சிலர், "உங்களுக்கு விசுவாசம் போதவில்லை, அதனால்தான் சுகம் தாமதமாகிறது" என்று சொல்லிவிட்டு வருகிறார்கள். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டு படுத்திருக்கும் ஒரு தாயின் தலையில் நோயின் பாரத்தோடு குற்றத்தின் பாரத்தையும் ஏற்றிவைக்கும் இந்தப் பேச்சு எனக்குக் கோபத்தையே வரவைக்கிறது. யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், அதுவரை அவர்கள் நல்ல சிநேகிதராகவே இருந்தார்கள். அவர்கள் வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் கர்த்தர் அவர்கள்மேல் கோபங்கொள்ளும்படி ஆயிற்று. யாக்கோபும் தன் நிருபத்தில், வஸ்திரமும் ஆகாரமும் இல்லாதவனிடம் "குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று வாயால் மட்டும் வாழ்த்தி அனுப்பினால் பிரயோஜனமென்ன என்று கேட்கிறார்.

கவலையோடு இதை வாசிக்கிறவர்களும் இருப்பீர்கள். உங்கள் வீட்டிலேயே நோய் இருக்கலாம், கடன் இருக்கலாம், பிறருக்கு இரங்கும் நிலையிலா நான் இருக்கிறேன் என்று உங்களுக்குத் தோன்றலாம். உங்களிடம் இருப்பது இரண்டு பணம்தான் என்றால் அந்த இரண்டு பணத்துக்கு உரியதை மட்டும் இன்றைக்குச் செய்யுங்கள், மீதிக்கு வாக்குக் கொடுத்தவர் பொறுப்பு. ஒருவேளை நீங்களே இப்போது சத்திரத்தில் படுத்திருக்கும் ஆளாக இருந்தால், பிறர் கையிலிருந்து பெற்றுக்கொள்வதற்கும் கூச்சப்படவேண்டாம். மேல்சட்டைப் பையில் பணமில்லாத நாளில் பக்கத்துப் படுக்கைக்காரர் நீட்டிய இட்லிப் பொட்டலத்தை வாங்கிக்கொள்வதற்கும் விசுவாசம் தேவைதான்.

நம் சபைகளைச் சேர்ந்தவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது சிறிய காரியம். மருத்துவமனைக்கு ஜெபிக்கப் போகும்போது, படுக்கையில் இருப்பவரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாமல், துணைக்கு வந்து வராந்தாவில் பாய் விரித்திருப்பவரிடமும் இரண்டு நிமிடம் உட்காருங்கள். வேற்று மதத்தவராக இருந்தால் ஜெபிக்கலாமா என்று முதலில் அனுமதி கேளுங்கள், வேண்டாம் என்றால் அதை மதியுங்கள். ஜெபத்தைச் சுருக்கமாக முடித்துவிட்டு, அவர் சாப்பிட்டாரா, ரத்தம் கொடுக்க ஆள் கிடைத்ததா, சீட்டில் எழுதியிருக்கும் இடத்துக்கு வழி தெரியுமா என்று கேளுங்கள். தெரியாது என்றால் கையை நீட்டி வழி காட்டாமல் கூடவே நடந்து போய் அந்த வரிசையில் அவரை நிறுத்திவிட்டு வாருங்கள்.