காயில் கட்டப் போன கதை

ஜூன் 2, 2025, திங்கள்

பாலக்கோட்டில் முதல் பஸ் பிடித்துத் தருமபுரி போனேன். வங்கி நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி மையம். செல்போன் ரிப்பேர் கற்கலாம் என்று போனால், இப்போது அந்த பேட்ச் இல்லையாம். "மோட்டார் காயில் கட்டறது இன்னைக்குத் தொடங்குது, சேர்றீங்களா?" எரிந்த மோட்டாருக்குள் கம்பியைப் புதிதாகச் சுற்றும் வேலை. 30 நாள், தங்கல் சாப்பாடு எல்லாம் இலவசம். 39 வயதுக்கும் இடம் இருந்தது. வீட்டுக்குப் போன் போட்டேன். "இங்க படுத்துக் கெடக்கறதுக்கு அங்க போய்ப் படுங்க" என்றாள் மனைவி.

விண்ணப்பத்தில் 'தெரிந்த தொழில்' என்று ஒரு கட்டம். ஓசூரில் ஒரு கம்பெனியில் 12 வருஷம் கான்ட்ராக்ட். பாகத்தை வை, பட்டனை அழுத்து, எடு. அதற்குப் பெயர் தெரியவில்லை. கோடு போட்டுவிட்டேன்.

ஜூன் 5, வியாழன்

கண்ணைக் கட்டி, இடது கையால் மரக்கட்டை அடுக்கச் சொன்னார்கள். எத்தனை அடுக்குவோம் என்று முதலிலேயே சொல்ல வேண்டும். 6 என்றேன். 11 ஏறியது. பிள்ளை விளையாட்டு. ஆனாலும் ஏன் 6 என்றேன் என்று ராத்திரி வரை ஓடியது.

ஜூன் 14, சனி

பழைய காயிலைப் பிரிக்கும்போதே சுற்றுகளை எண்ணி எழுதிவிட வேண்டும். கம்பியின் கேஜும், அதாவது தடிமனும், பார்க்க வேண்டும். இது தெரியாமல் வெட்டி எறிந்தால் அப்புறம் மோட்டார் நம்மோடு பேசாது. ஃபேன் இரண்டு கட்டியபின் திரீ பேஸ் (மும்முனை மின்சாரத்தில் ஓடும்) பம்பு கொடுத்தார்கள். மூன்று நாள் வேலை. மின்கசிவு பார்க்கும் மெக்கர் வைத்தால் பூஜ்யம். எங்கேயோ கம்பி இரும்பைத் தொட்டு எர்த். பக்கத்து பெஞ்சுப் பையன்தான், "அண்ணா, ஸ்லாட் வாயைப் பாருங்க" என்றான். கம்பி இறங்கும் அந்தப் பள்ளத்தின் விளிம்பில் இன்சுலேஷன் பேப்பர் விலகி, கம்பி மேல் பூசிய எனாமல் நகக்கீறல் அளவு போயிருந்தது. திரும்பவும் பிரித்தேன்.

ஒரு பேஸ் போனால் மற்ற இரண்டும் சுமையை இழுத்துச் சூடேறிக் கருகும் என்று சார் படம் போட்டார். எங்கள் அப்பா கெப்பாசிட்டர் போட்டு இரண்டு பேஸில் ஓட்டுவார். இரண்டு மோட்டார் எரிந்தது. கடைக்காரன் மட்டக் கம்பி போட்டு ஏமாற்றினான் என்று சாகும்வரை திட்டினார். பாவம் அந்தக் கடைக்காரர்.

ஜூன் 21, சனி

மார்க்கெட் சர்வே என்று காரிமங்கலம் பக்கம் ஒரு கடைக்கு அனுப்பினார்கள். அங்கே போருக்குள் இறக்கும் சப்மெர்சிபிள் மோட்டார் ஒன்று பிரித்துக் கிடந்தது. உள்ளேயே தண்ணீர் நிற்கும் மோட்டார் என்பதால் எனாமல் கம்பி ஆகாது, பிளாஸ்டிக் உறை போட்ட கம்பியைத் துளைத் துளையாக ஊசி கோப்பதுபோல் இழுக்க வேண்டும். "காயில் கட்டிடலாம் தம்பி. போர்ல இருந்து மோட்டாரை மேல தூக்கற கூலியைக் கேட்டாதான் விவசாயிக்கு மயக்கம் வரும்" என்றார் அந்தக் கடைக்காரர். டீ வாங்கித் தந்தார். போட்டிக்கு வரப்போகிறவன் என்று தெரிந்தும்.

ஜூலை 6, ஞாயிறு

செவ்வாயன்று பயிற்சி முடிந்தது. சான்றிதழை மாமியார் பூஜை அலமாரியில் வைத்துவிட்டார்.

மாமாவின் கிணற்று மோட்டார் முதல் வேலை. வார்னிஷ் ஊற்றி இரண்டு நாள் வெயிலில் காயவைத்தேன். ஸ்டார்ட்டரை அழுத்தும்போது கை நடுங்கியது. லேசாக ஒரு முனகல், அப்புறம் தக்காளி வாய்க்காலில் தண்ணீர். அந்த முனகல் பேரிங்கா, என் வேலையா என்று இன்னும் சந்தேகம்தான்.

"எவ்வளவு மாப்ளே?" என்றார் மாமா. கம்பி, பேப்பர், வார்னிஷ், கூலி என்று வகுப்பில் போட்ட கணக்கெல்லாம் தொண்டையில் நின்றது. பின்னாலிருந்து என் மனைவிதான் தொகையைச் சொன்னாள்.