உருண்டையை மேல வையேன் தம்பி

கத்தாரில் பைப் பதிக்கிற சைட்டில் எனக்கு சேஃப்டி வேலை. வெப்பம் அளக்கக் குழிக்குள் இறக்கிய மீட்டரைப் பாதியிலேயே மேலே தூக்கிவிட்டேன். நடந்தது இவ்வளவுதான். ஊருக்கு வந்தபோது மனைவியிடம் சொன்னேன். "யாருக்காவது ஏதாவது ஆச்சா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்புறம் என்ன?" என்று அரிசி களையப் போய்விட்டாள்.

2023 செப்டம்பர் 19. மதிய வேலைத்தடை 15ஆம் தேதியோடு முடிந்து நாலாவது நாள். கத்தாரில் இருந்தவர்களுக்குத் தெரியும்: ஜூன் 1இலிருந்து அந்தத் தேதி வரை காலை பத்து முதல் மாலை மூன்றரை வரை வெட்டவெளியில் வேலை கூடாது. தடை முடிகிற நாளுக்காக லேபர் கேம்ப்பில் தீபாவளிக்குக் காத்திருப்பதுபோலக் காத்திருப்பார்கள். ஓவர்டைம் திரும்ப வருமே!

ஆனால் 2021இல் வந்த அமைச்சக உத்தரவில் இன்னொன்றும் உண்டு. எந்த மாதமானாலும் எந்த நேரமானாலும் மீட்டர் 32.1ஐத் தாண்டினால் வேலையை நிறுத்தியாக வேண்டும். இது செல்போன் காட்டுகிற டிகிரி கிடையாது. ஈரத்திரி சுற்றிய குழல், வெயில் சூட்டை வாங்கிக்கொள்கிற கருப்பு உருண்டை, சாதாரண வெப்பமானி, மூன்றும் சேர்ந்து தருகிற எண். அதில் பத்தில் ஏழு பங்கு ஈரத்திரிக்கு, இரண்டு பங்கு உருண்டைக்கு. அதனால் கடல்காற்று ஈரத்தோடு வீசுகிற 36 டிகிரி காலை, வறண்ட 44 டிகிரி மத்தியானத்தைவிட ஆளைச் சீக்கிரம் சாய்த்துவிடும். வேர்வை வரும், காயாது. வேலை தொடங்குமுன் ஆட்களைக் கூட்டிப் பாதுகாப்பு பற்றிப் பேசுகிற டூல்பாக்ஸ் டாக்கில் இதை எத்தனை தடவை சொல்லியிருப்பேன். முடிந்ததும் ஒருத்தர் போனை நீட்டுவார்: "முப்பத்தாறுதான சார் காட்டுது?"

வேலை, டிஸ்ட்ரிக்ட் கூலிங் பைப் பதிப்பது. ஒரே ஆலையில் தண்ணீரை ஐந்தாறு டிகிரிக்குக் குளிரவைத்து, பூமிக்கடியில் குழாய் வழியாக ஊர் முழுக்கக் கட்டடங்களுக்கு அனுப்புகிற ஏற்பாடு. ஒவ்வொரு கட்டடமும் தனித்தனியாக ஏசி வைப்பதற்கு இதில் கரண்ட் எவ்வளவோ மிச்சம். நல்ல திட்டம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எங்கள் சைட் ஆபீஸ் சுவரில் ஐநாவின் 17 வளர்ச்சிக் குறிக்கோள்களையும் கலர் கட்டங்களாக ஒட்டியிருந்தார்கள். 7 மஞ்சள், தூய எரிசக்தி. அதை ஒட்டி 8, அரக்குச் சிவப்பு, கண்ணியமான வேலை. அதன் உட்பிரிவு 8.8, பாதுகாப்பான பணியிடம் என்று சொல்லும்போது குடிபெயர்ந்த தொழிலாளர்களையும் தனியாகக் குறிப்பிட்டுச் சேர்க்கிறது. பைப் 7இல் வரும். எனக்குச் சம்பளம் 8க்காக.

அன்றைய குழி கிழக்கு மேற்காக ஓடியது. காலை வெயில் நேராக உள்ளே இறங்கும். மேலே லேசாகக் காற்று இருந்தது. கீழே ஊற்றுத் தண்ணீரைப் பம்பு வைத்து இறைத்துக்கொண்டே இருந்ததால் மணல் சொதசொதவென்று, காற்று துளியும் இல்லாமல், இட்லிப் பானைக்குள் நிற்பதுபோல இருக்கும். விதிப்படி வேலை நடக்கிற இடத்தில்தான் அளக்க வேண்டும். எட்டே முக்காலுக்கு மீட்டரைக் கயிற்றில் கட்டிக் கீழே இறக்கினேன். உருண்டை நிலைக்குவரப் பத்து நிமிஷமாவது ஆகும். நாலாவது நிமிஷத்தில் 32.0. இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.

கீழே ஜாயின்ட்டுக்குப் பக்கத்தில் இருந்த பரமக்குடிக்கார ஃபிட்டர் தலையைத் தூக்கினார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நாலு பேர் முன்னால் "சார்" என்பார், தனியே "தம்பி". அன்று நாலு பேர் இருந்தும் தம்பிதான்.

"உருண்டையை மேல வையேன் தம்பி. கீழ நாங்க பாத்துக்கிறோம்."

நான் பதில் பேசவில்லை. கயிற்றை இழுத்தேன். கரையில் ஸ்டாண்டை ஊன்றி, திரியை நனைத்து, பதினைந்து நிமிஷம் காத்திருந்தேன். அவசரப்பட்டதாக யாரும் சொல்லிவிடக் கூடாதே! 31.6. அதைப் படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பொய்யான எண் இல்லை. கீழே பார்த்த 32.0 நிலைக்கு வராத எண், அதை எழுதுவதுதான் தப்பு என்றுகூட வாதாடலாம். பலமுறை எனக்குள்ளேயே வாதாடி ஜெயித்திருக்கிறேன்.

மேனேஜர் சொல்லிச் செய்திருந்தால் இவ்வளவு யோசித்திருக்க மாட்டேன். அவரைத் திட்டிவிட்டுத் தூங்கியிருப்பேன். கேட்டது, யாருக்காக அந்த மீட்டரை வாங்கினார்களோ அவர்.

அவர் கணக்கும் எனக்குத் தெரியும். அடிப்படை 1,200 ரியால். முப்பது நாள், எட்டு மணி என்று வகுத்து, அதன்மேல் கால் பங்கு கூட்டினால் ஓவர்டைம் மணிக்கு 6 ரியால் 25 திர்ஹம். வெயிலுக்காக நிறுத்தினால் அடிப்படையில் கைவைக்க மாட்டார்கள், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் எங்கள் கம்பெனியில் நிறுத்திய நேரம் ஓவர்டைமில் சேராது. ஆகஸ்ட்டில் மட்டும் நான் நிறுத்தியதில் அவருக்கு 22 மணி நேரம் போயிருந்தது. 137 ரியால் சொச்சம். ஊரில் அவர் போட்டிருந்த சீட்டுக்கு ஒரு மாதத் தவணை கிட்டத்தட்ட அதுதான். நான் எண்ணைப் பார்த்து விசில் ஊதுகிறேன். பணம் அவர் பையிலிருந்து போகிறது. எனக்கு மாதச் சம்பளம், ஊதினாலும் ஊதாவிட்டாலும்.

கத்தாரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. 2020இல் பழைய முதலாளியிடம் என்ஓசி வாங்காமலே வேலை மாறலாம் என்று ஆக்கினார்கள். 2021 மார்ச்சில் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 1,000 ரியால் என்று, எந்த நாட்டுக்காரருக்கும் ஒன்றுபோலக் கொண்டுவந்தார்கள். மதியத் தடையையும் முன்பிருந்ததைவிட நீட்டினார்கள். நம்மூர்ச் செங்கல் சூளையில் கருப்பு உருண்டையை எந்தக் காலத்தில் பார்க்கப்போகிறோம்! இருந்தாலும் அந்த நாட்டில் வேலை செய்கிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் வெளியாட்கள். எல்லோரையும் உள்ளடக்கிய வளர்ச்சி என்று அரபு நாட்டு மாநாட்டு மேடைகளில் சொல்லும்போது அந்த "எல்லோரும்" குழிக்குள் எத்தனை அடி இறங்கும் என்று யோசித்திருக்கிறேன். யோசித்துவிட்டு, அன்று உருண்டையை மேலே தூக்கியது நான்தானே என்பதும் ஞாபகம் வரும். மேடையில் இருந்தவர்கள் தூக்கவில்லை.

அன்று பதினொன்றரை வரை வேலை ஓடியது. திரும்புகிற பஸ்ஸில் நேபாளத்து ஹெல்ப்பர் பையன் ஒருவன் வாந்தி எடுத்தான். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். முந்தின நாள் குழம்பு என்றான். "வயிற்றுக் கோளாறு" என்று எழுதினேன். குழம்பாகவும் இருக்கலாம். கேம்ப் குழம்புக்கு அந்தச் சக்தி உண்டு. மனைவியிடம் இதை மட்டும் சொல்லவில்லை. வளைகுடாவிலிருந்து திரும்பிய இளவட்டங்கள் சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸில் இருப்பதை நேபாளத்து டாக்டர்கள் பல வருஷமாகச் சொல்லிவருகிறார்கள். ஒருநாள் வெயிலில் அது வருவதில்லை. பல நாட்கள் சேர்ந்து வரும். அந்தப் பல நாட்களில் ஒன்றுக்கு நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேனா?

பரிகாரம்போல அடுத்த வாரம் மூன்று நாள் மீட்டரைக் கீழேயே வைத்து மூன்று நாளும் நிறுத்தினேன். அதில் இரண்டு நாள் மேலே வைத்திருந்தால் ஓடியிருக்கும். பரமக்குடிக்காரர் என்னிடம் பேசுவதை நிறுத்தினார். அந்த மாதக் கடைசியில் அந்த கேங்கில் நாலு பேர் வேறு கம்பெனிக்கு மாறினார்கள். அங்கே எவ்வளவு மணி நேரம் வேண்டுமானாலும் கிடைக்குமாம், சேஃப்டிக்காரன் தொல்லை இல்லையாம். வேலை மாறும் உரிமை அப்படி உபயோகமானது. வாந்தி எடுத்த பையனும் அந்த நாலு பேரில் ஒருவன். நான் சரியாகச் செய்த வாரம்தான் அவனை இன்னும் மோசமான குழிக்கு அனுப்பியது என்றால், தப்பாகச் செய்த அந்த ஒரு நாளை எந்தக் கணக்கில் வைப்பது?

நிறுத்திய நேரத்துக்கும் ஓவர்டைம் கொடுங்கள் என்று ஒரு மெயில் போட்டேன். நாலு வரி. "கமர்ஷியல் பிரிவுக்கு அனுப்பியிருக்கிறோம்" என்று பதில் வந்தது. நினைவூட்டி இரண்டாவது மெயில் போடவில்லை. அந்த மாதம் என் கான்ட்ராக்ட் புதுப்பிக்க இருந்தது.

வருஷக் கடைசியில் கம்பெனியின் நிலைத்த வளர்ச்சி அறிக்கை வந்தது. வழவழத் தாள். வெப்பத்தால் பாதிக்கப்பட்டவர்கள்: பூஜ்யம். பக்கத்தில் அரைப்பக்கத்துக்கு ஒரு படம். குழியின் கரையில், நீல வானம் பின்னால் இருக்க, ஸ்டாண்டின்மேல் என் கருப்பு உருண்டை. அழகாகத்தான் இருந்தது. குழி படத்தில் இல்லை. வீட்டுக்கு அனுப்ப நானே அதைப் போட்டோ எடுத்துக்கொண்டேன்.

இப்போது வேறு சைட். தினமும் இரண்டு தடவை அளக்கிறேன், மேலே ஒன்று, கீழே ஒன்று. படிவத்தில் எண் எழுத ஒரு கட்டம்தான். பெரும்பாலும் கீழே பார்த்ததைத்தான் எழுதுகிறேன். போன மாதம் பரமக்குடிக்காரர் போன் செய்தார். பேச்சு எல்லாம் பேசி முடித்து, வைக்கப்போகும்போது கேட்டார்:

"உருண்டை எங்க தம்பி இருக்கு, மேலயா கீழயா?"

சிரித்தார். நானும் சிரித்தேன்.