நாலு கட்டையில் ஒரு குரல்: ஹட்டன் நாட்குறிப்பு

17 ஒக்டோபர் 2024, வியாழன், போயா தினம்

விடியற்காலையில் கொழும்பிலிருந்து அக்காவின் மகள் அனுப்பிய குரல் பதிவைக் கேட்டுக்கொண்டுதான் இன்று எழுந்தேன். அழுகைக்கு நடுவே அவள் சொன்னதை விளங்கிக்கொள்ள இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது. வன் டிரெக்ஷன் என்ற பொப் பாடகர் குழுவின் லியம் பெய்ன் ஆர்ஜென்டினாவின் புவனோஸ் ஐரிஸ் நகரில் ஹோட்டல் மாடியிலிருந்து விழுந்து இறந்துவிட்டார். வயது 31.

நான் மருதனார்மடத்து இராமநாதன் நுண்கலைக் கழகத்தில் கர்நாடக இசை படித்தவள். ஹட்டனுக்கு அருகே ஒரு தோட்டப் பாடசாலையில் அதையே கற்பிக்கிறேன். அந்த ஐந்து பையன்களின் பாட்டு என் வீட்டுக்குள் வந்தது அக்காவின் மகளால்தான். அவள் பத்து வயதில் விடுமுறைக்கு வந்து, கணினியில் ‘எக்ஸ் ஃபேக்டர்’ என்ற பிரித்தானியத் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியின் துண்டுகளைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டுவாள். லியம் 2008இல், 14 வயதில், ‘எக்ஸ் ஃபேக்டர்’ போட்டிக்கு வந்து, நடுவர் சைமன் கவல் வீட்டுச் சுற்றுவரை போய், இரண்டு வருடம் கழித்து வா என்று திருப்பி அனுப்பப்பட்டவர். சொன்னபடியே 2010இல் திரும்பி வந்தார். ஒரு நடுவரின் ஒற்றை வாக்கியத்தை இரண்டு வருடம் நெஞ்சில் வைத்துக்கொண்டிருந்த அந்தப் பையனை நான் அப்போதே என் மாணவனைப்போல நினைத்துக்கொண்டேன். போயா விடுமுறை என்பதால் ஒத்திகை இல்லை. நாள் முழுவதும் மூடுபனி இறங்கியபடியே இருந்தது. எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை.

20 ஒக்டோபர், ஞாயிறு

வன் டிரெக்ஷனில் லியமோடு பாடிய ஸெய்ன் மாலிக் இந்த மாதம் அமெரிக்காவில் தொடங்கவிருந்த தம் இசைப் பயணத்தை ஜனவரிக்குத் தள்ளி வைத்துவிட்டார். லியமுக்கு அவர் எழுதிய அஞ்சலியையும் வாசித்தேன். இசை என்று வரும்போது எங்களுள் எல்லா வகையிலும் தகுதி கூடியவன் நீதான், உன்னோடு ஒப்பிட்டால் நான் அனுபவமே இல்லாத சிறுபிள்ளையாக இருந்தேன் என்ற பொருளில் எழுதியிருக்கிறார். குழுவை முதலில் விட்டுப் போனவர் இப்படி எழுதியிருப்பது என்னை மிகவும் அசைத்துவிட்டது. அதற்குக் காரணம் வெள்ளிக்கிழமை என் வகுப்பறையில் நடந்தது.

என்னிடம் நான்கு பெண்பிள்ளைகள் குழுவாகப் பாடுகிறார்கள். 2023இல், மலையகத் தமிழர் வந்து 200 வருடமானதை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை ‘மலையகம் 200’ நடைபவனி நடந்த அந்த ஆண்டில், பாடசாலை விழாவுக்காக நான்தான் அவர்களைச் சேர்த்தேன். ஒவ்வொருத்தியும் தனித்தனியே பாட வந்தவள். தனியே மேடையேற்றும் அளவுக்கு ஒருத்தியும் போதாது என்று தீர்மானித்தவளும் நானே. வன் டிரெக்ஷனும் அப்படித்தான் உண்டானது. ஐவரும் தனிப் போட்டியாளர்களாக வந்து, தனிப் போட்டியாளர்களாகவே கழிக்கப்பட்டு, 2010 ஜூலை 23 அன்று விருந்தினர் நடுவர் நிக்கோல் ஷெர்ஸிங்கரும் சைமன் கவலும் மேசையில் கிடந்த படங்களை நகர்த்திச் சேர்த்துக் குழுவாக்கினார்கள். போட்டியில் மூன்றாம் இடமே கிடைத்தது. ஆனாலும் அவர்களுடைய முதல் நான்கு அல்பங்களும் வெளியான வாரமே அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தன. அதற்குமுன் எந்தக் குழுவுக்கும் அது வாய்த்ததில்லை.

நால்வரில் தாழ்ந்த குரல் உடையவள், டிக்கோயாப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை, வெள்ளிக்கிழமை எல்லோரும் போனபின் சுருதிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, “டீச்சர், பொங்கல் விழாவுக்கு நான் தனியாப் பாடட்டுமா?” என்று கேட்டாள். நான் கோபப்பட்டுவிட்டேன். இத்தனை மாதம் நாலு பேருக்கும் அளந்து பிரித்த வரிகளை யார் பாடுவது, மற்ற மூவரின் முகத்தை நீ எப்படிப் பார்ப்பாய் என்றெல்லாம் கேட்டேன். அவள் ஒன்றும் பேசாமல் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

26 ஒக்டோபர், சனி

ஒத்திகைக்கு வந்தாள். தன் பங்கைப் பிழையின்றிப் பாடினாள். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

2 நவம்பர், சனி

தீபாவளிக்கு மறுநாள் அவளுடைய லயத்துக்கு, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டுக்கு, போனேன். பலகாரத் தட்டோடு வரவேற்ற அவளுடைய அம்மாயிக்கு வயது எழுபதைத் தாண்டும். நாற்பது வருடம் கொழுந்தெடுத்த கைகள். பேச்சு பாட்டின் பக்கம் திரும்பியதும், பேத்திக்குத் தான் பாடிய தாலாட்டை அம்மாயி பாடத் தொடங்க, இரண்டாம் அடியில் பிள்ளையும் சேர்ந்துகொண்டாள். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதே இல்லை. குழுவில் நான் வைத்திருக்கும் சுருதி, பாட்டு நிற்கும் அடிப்படை உயரம், ஐந்தரைக் கட்டை. மற்ற மூவருக்கும் அதுதான் பொருந்தும். இவள் அங்கே இறுகிய தொண்டையோடு, அடியில் ஒட்டிக்கொண்டு பாடுகிறாள். லயத்து வாசலில் சுருதி தானாக நாலு கட்டைக்கு இறங்கியதும், குரல் திறந்து, ஒவ்வொரு அடியின் முடிவிலும் அம்மாயியைப்போலவே வளைந்து, வழுக்கி, ஒரு பெருமூச்சில் நின்றது. அந்த வளைவுகளைத்தான் நான் ஒன்றரை வருடமாகத் திருத்திக்கொண்டிருந்தேன். மற்றவர்களோடு சேர்ந்து ஒலிக்க வேண்டும் என்பதற்காக, “நேராப் பாடு, நேராப் பாடு” என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!

வீட்டுக்கு வந்ததும் ஸெய்னின் பழைய நேர்காணல் ஒன்று நினைவுக்கு வந்தது. குழுவில் இருந்தபோது ஒரு வரியைச் சற்றே தம் பாணியில், ஆர் அண்ட் பி என்ற கறுப்பின அமெரிக்க இசையின் சாயலில் பாடினால், அது நேரான பொப் பாட்டாக ஒலிக்கும்வரை திரும்பத் திரும்பப் பதிவுசெய்ய வைத்தார்கள் என்று 2015இல் அவர் சொன்னார். அப்போது அதைப் புகழ் பெற்ற இளைஞன் ஒருவனின் முறைப்பாடாகவே எடுத்துக்கொண்டேன். இன்று அதை ஓர் ஆசிரியையாகக் கேட்கிறேன், நெஞ்சு கனக்கிறது.

பிராட்ஃபோர்ட் நகரில், பாகிஸ்தானிய வம்சாவளித் தந்தைக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் பிறந்தவர் அவர். 2015 மார்ச் 25 அன்று, 22 வயதுச் சாதாரண இளைஞனாக வாழ விரும்புவதாகச் சொல்லிக் குழுவிலிருந்து விலகினார். சரியாக ஒரு வருடம் கழித்து, 2016 மார்ச் 25 அன்று, அவருடைய முதல் தனி அல்பம் வெளிவந்தது. அதன் நடுவே சில அடிகளே கொண்ட ஒரு சிறு பாட்டு உண்டு. முழுக்க உருதுவில், ஆலாபனைபோல இழுத்துப் பாடப்பட்டது. ஐந்து வருடம் உலகமெல்லாம் கேட்ட குரலில் தந்தை வழி மொழி முதன்முதலாக அங்கேதான் ஒலித்தது. எனக்கு உருது தெரியாது. ஆனால் ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு அவர் இறங்கும் விதம் எனக்குப் பரிச்சயமானது. இந்த வருடம் ஜனவரியில் பாகிஸ்தானின் ‘அவுர்’ குழுவோடு மறுபடியும் உருதுவில் பாடியிருக்கிறார். அன்று அந்தச் சில அடிகளில் திறந்த வழியை அவர் கைவிடவில்லை.

10 நவம்பர், ஞாயிறு

தனியே போவதன் மறுபக்கத்தையும் அவளுக்குச் சொல்ல வேண்டும் என்பதால், இன்று நால்வரையும் உட்கார வைத்து அந்த ஐவரின் கதையைச் சொன்னேன்.

ஸெய்னின் முதல் தனிப்பாடல் அமெரிக்கப் பட்டியலில் நேராக முதலிடத்துக்கு வந்தது. மொத்தக் குழுவும் சேர்ந்து எந்தவொரு பாட்டாலும் அங்கே எட்டாத இடம் அது. ஹாரி ஸ்டைல்ஸ் 2023 பெப்ரவரியில் கிராமி விழாவில் அந்த வருடத்தின் சிறந்த அல்பத்துக்கான விருதைப் பெற்றார். அயர்லாந்துக்காரரான நைல் ஹோரன் பிற்பாடு அமெரிக்காவின் ‘தி வொய்ஸ்’ போட்டியில் பயிற்சியாளராக அமர்ந்தார். தாயை இழந்த சில நாட்களிலேயே, தாம் அறிமுகமான அதே போட்டி மேடையில் ஏறிப் பாடினார் லூயி டொம்லின்சன். அந்த இரவை என்னால் எண்ணிப் பார்க்கவும் முடியவில்லை.

லியமின் முதல் தனிப்பாடல் 2017இல் பிரித்தானியாவில் மூன்றாம் இடம்வரை வந்தது. ஆனால் தனி அல்பம் 2019 டிசம்பரில்தான் வந்தது. அது அங்கே 17ஆம் இடத்துக்கு மேல் ஏறவில்லை. தனியே பாடுவதற்காகவே இரண்டு முறை வாசலுக்கு வந்து, முதல் முறையே நடுவர் வீட்டுச் சுற்றுவரை போனவர் அவர். மற்ற நால்வருக்கு மேடை புதிதாக இருந்தபோது, அவருக்குப் போட்டி மேடையின் பழக்கம் ஏற்கெனவே இருந்தது. அப்படியிருந்தும் தனிவழி அவருக்குத்தான் மிகவும் கடினமாக அமைந்தது. இதை நான் சொன்னபோது டிக்கோயாப் பிள்ளை தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, “அப்போ அவருக்கு முதல்லயே யாரும் சொல்லலையா டீச்சர்?” என்று கேட்டாள். என்னிடம் பதில் இருக்கவில்லை.

குழுவில் கிடைக்கும் பாதுகாப்பு உண்மையானது. ஒருத்திக்குத் தொண்டை கட்டினால் மற்றவள் அந்த வரியை எடுத்துக்கொள்வாள். வான் வாடகையை நான்காகப் பிரிக்கலாம். தனியே போனால் கண்டியில் ஒரு குரல் தேர்வுக்குப் போய்வருவதற்கே அவளுடைய அம்மா ஒரு நாள் வேலையை விட வேண்டும். கடந்த செப்டெம்பரில் நிர்ணயித்த நாட்கூலிக் கணக்கில் அது 1350 ரூபாய். போன வருடம் ஒரு போட்டியில் நடுவர் ஒருவர் அவளைப் பார்த்து, பெண்பிள்ளைக்கு இவ்வளவு தடித்த குரல் ஆகாது என்று எல்லோருக்கும் முன்பாகச் சொன்னார். நான் அங்கே இருந்தேன், எழுந்து பேசியிருக்க வேண்டும், பேசவில்லை.

ஆனாலும் அந்த வருடம்தான் புசல்லாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து போன சிறுமி சென்னையில் ஜீ தமிழ் மேடையில் பாடியதை இங்குள்ள லயங்கள் எல்லாம் விழித்திருந்து பார்த்தன. என் பிள்ளைகள் நால்வரும் பார்த்தார்கள். டிக்கோயாப் பிள்ளையின் கேள்வி அன்றைக்கே முளைத்திருக்க வேண்டும்.

21 நவம்பர், வியாழன்

நேற்று லியமின் இறுதிச் சடங்கு. மற்ற நால்வரும் வந்திருந்தார்கள். அவர்கள் கடைசியாகக் கூடிய அந்தத் தேவாலய வாசல் படத்தை அக்காவின் மகள் அனுப்பினாள். நான் அதைப் பிள்ளைகளுக்குக் காட்டவில்லை.

24 நவம்பர், ஞாயிறு

ஸெய்ன் நேற்றிரவு லீட்ஸ் நகரில் தம் முதல் தனி இசைப் பயணத்தைத் தொடங்கினார். முடிவில் பின்திரையில் லியமின் பெயரையும் பிறந்த, இறந்த வருடங்களையும் காட்டி, சகோதரனே உன்னை நேசிக்கிறேன் என்று எழுதியிருந்தார்.

குழுவை விட்டு வந்து ஒன்பது வருடங்களுக்குப் பிறகு இது முதல் பயணம் என்பதைத்தான் நான் இன்று வகுப்பில் நெடுநேரம் பேசினேன். 2010இல் பயிற்சி முகாமில் எல்லோரும் ஆட வேண்டும் என்றபோது மேடைக்கு வர மறுத்து அவர் உள்ளேயே நின்றுவிட, சைமன் கவல் எழுந்துபோய்ப் பேசி அழைத்து வந்தார். 2016 ஜூனில் வெம்ப்ளி அரங்கத்து நிகழ்ச்சி ஒன்றுக்கு முன், கடும் பதற்றத்தால் பாட முடியவில்லை என்று வெளிப்படையாக எழுதி விலகினார். அதன்பின் அல்பங்கள் வந்தன, மேடை வரவில்லை. இந்த வருடம் மே மாதம்தான், லண்டனில் ஏறக்குறைய 2000 பேர் கொள்ளும் ஓர் அரங்கில், முதன்முதலாகத் தனி நிகழ்ச்சி நடத்தினார். குழுவில் பக்கத்தில் நின்ற நான்கு உடல்களின் சூடு எவ்வளவு தாங்கியிருக்கும் என்பதை, அவை இல்லாமல் மேடையேற ஆன காலமே காட்டுகிறது.

மற்ற மூவரில் எப்போதும் முதல் வரி பாடுகிறவள் அப்போது எழுந்து, “நாங்க முன் வரிசையில உக்காந்துக்கிறோம் டீச்சர், அவ எங்களப் பார்த்துப் பாடட்டும்” என்றாள். நான் கேட்கத் தயங்கிக்கொண்டிருந்த கேள்வி அதோடு தீர்ந்துவிட்டது.

28 நவம்பர், வியாழன்

இடைவிடாத மழை. நேற்றிலிருந்து உயர்தரப் பரீட்சையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பரீட்சை எழுதும் பிள்ளை ஒருத்தி குழுவில் இருப்பதால் ஒத்திகையும் இல்லை. டிக்கோயாப் பிள்ளை வீட்டுக்குப் பக்கத்தில் மண் சரிந்ததாகக் கேள்விப்பட்டு மாலைவரை கைபேசியோடு நின்றேன். இரவு ஏழு மணிக்கு அழைத்தாள். எல்லோரும் நலம், லயத்துக்குப் பின்னாலுள்ள படிக்கட்டுதான் போய்விட்டது. வைக்கும்முன், தாலாட்டின் மூன்றாம் அடியில் அம்மாயி ஒரு சொல்லை மாற்றிப் பாடுவதாகவும், எது சரி என்றும் கேட்டாள். அம்மாயி பாடுவதே சரி என்றேன்.

8 டிசம்பர், ஞாயிறு

மண்டபத்தில் முழு ஒத்திகை. சுருதிப் பெட்டியை நாலு கட்டைக்கு வைத்தேன். சொன்னபடி மூவரும் முன் வரிசையில் உட்கார்ந்தார்கள். முதல் அடியில் குரல் நடுங்கியது. நான் கை காட்டி நிறுத்தவில்லை. மூன்றாம் அடியில் அம்மாயியின் சொல் வந்த இடத்தில் அவள் அந்தப் பழைய வளைவை முழுதாக இழுத்து இறக்கினாள். வாசலைக் கூட்டிக்கொண்டிருந்த காவலாளி அண்ணன் விளக்குமாற்றோடு அப்படியே நின்றுவிட்டார்.

குழுப் பாட்டும் நிகழ்ச்சியில் இருக்கிறது. அவள் பாடிய தாழ்ந்த வரியை வேறு ஒருத்திக்குக் கொடுத்துப் பார்த்தோம், பொருந்தவில்லை. ஆகவே அந்த வரி வரும்போது மூவரும் நிறுத்த, தப்பு மேளம் மட்டும் நான்கு சுற்று ஒலிப்பதென்று பிள்ளைகளே தீர்மானித்தார்கள். தப்பு அடிக்கிறவர் அடுத்த ஞாயிறு வருவார்.

இனி அம்மாயியைக் கூட்டி வர வேண்டும். முழங்கால் வலியோடு அவரால் பஸ் படி ஏற முடியாது. லயத்துப் படிக்கட்டும் போய்விட்டது. தோட்டத்தில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்களம்வரை நாற்காலியில் தூக்கி வருவதாக அவளுடைய மாமாமார் சொல்லியிருக்கிறார்கள். அங்கிருந்து வான் வாடகையை நான்காகவே பிரித்துக்கொள்வோம் என்று மற்ற மூவரும் சொல்லிவிட்டார்கள்.