காபிப் பறிப்புக் காலத்தில் ஒரு காய்ச்சல்

அக்டோபர் 21, 2024

மேல்காட்டில் இன்று போரர், அதாவது காபித் தண்டைக் குடையும் வண்டின் புழு, இருக்கிறதா என்று பார்த்தோம். பறிப்புக்கு முன்னால் செடி செடியாகத் தண்டைத் தடவிப் பார்த்துவிடுவது மாமனார் காலத்துப் பழக்கம். பட்டைமேல் வரி வரியாகப் புடைத்திருந்தால் உள்ளே புழு ஓடியிருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் அந்தச் செடியைப் பிடுங்கி எரிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இந்த வருஷமும் கிழக்கு வேலியோரம்தான் மோசம். பக்கத்துத் தோட்டத்தில் நல்ல விலை வந்தபோது சில்வர் ஓக் மரங்களை மொத்தமாக வெட்டி விற்றுவிட்டார்கள். அதிலிருந்து எங்கள் ஓரச் செடிகளிலும் காலை வெயில் நேராக விழுகிறது. இந்த வண்டுக்கு வெயில் படுகிற தண்டுதான் வேண்டும், பட்டை வெடிப்பில் முட்டை வைத்துவிட்டுப் போய்விடும். நிழல் போனால் அரபிகா காபி போச்சு என்று ஏற்காட்டில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் பாதிச் செடி செத்து, நிலம் கைமாறி, வாங்கினவர் பெங்களூரில் இருக்கிறார். காட்டேஜ் வரப்போகிறது என்றார்கள். வரவில்லை. ஆள் உயரத்துக்கு லாண்டானா புதர்தான் வந்திருக்கிறது.

நவம்பர் 23

பறிப்பு ஆரம்பம். பழம் ஒரே சீராகப் பழுக்கவில்லை. ஒரே கொத்தில் சிவப்பும் பச்சையும். செடியைப் பூக்கவைக்கிற பூமழை கோடையில் விட்டுவிட்டுப் பெய்தால் இப்படித்தான் பறிப்பும் இழுக்கும், கூலியும் ஏறும்.

வேலியோர வரிசையை முதலில் முடித்தார்கள். அங்கே எலி வளை எக்கச்சக்கம். புதருக்குள் இருந்து வருகின்றன. வந்தவற்றைப் பிடிக்கச் சாரைப்பாம்பு இருந்தால் போதும், ஆனால் பாம்பு என்றாலே தடியைத் தூக்குகிற ஆட்களிடம் சாரை எங்கே நிலைக்கும்? மத்தியானச் சாப்பாட்டுக்குப் பெண்கள் அந்த வேலியோரப் புல்லிலேயே உட்கார்ந்தார்கள். நிழல் தேடினால் அந்தப் புதர் நிழல்தான் இருக்கிறது.

டிசம்பர் 3

ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறிய பிறகும் விடவில்லை. ஊத்தங்கரை, தருமபுரி, சேலம் என்று உள்ளே வந்து கொட்டித் தீர்த்துவிட்டது. மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றுவிட்டது. கீழே திருமணிமுத்தாற்றில் வெள்ளம்.

செடியில் இருந்த பழம் வெடித்துக் கீழே கொட்டுகிறது. களத்தில் மூடிவைத்த காபியில் பூஞ்சை வாடை. கிளறிக்கொண்டே இருக்கிறோம். வேறென்ன செய்ய?

டிசம்பர் 9

பறிப்புக்கு வரும் அக்கா ஒருவருக்கு ஒரு வாரமாகக் காய்ச்சல். இந்த மலைக்காரர், மாமனார் காலத்திலிருந்து வருகிறவர். டவுனில் ஒரு கிளினிக்கில் ஊசி போட்டு, ரத்தம் எடுத்து, டெங்கு இல்லை, வெறும் வைரல் என்று அனுப்பியிருக்கிறார்கள். டெங்கு இல்லை என்றதும் எல்லாரும் நிம்மதியாகிவிட்டார்கள். கீழே நகரத்தில் காய்ச்சல் என்றால் முதலில் டெங்கு, அது சரிதான். தண்ணீர்த் தொட்டியும் பூந்தொட்டியும் இருக்கிற இடத்துக் கொசு அது. ஆனால் இவர் பொழுதெல்லாம் இருந்தது புதரோரத்தில்.

போய்ப் பார்த்தேன். கண் சிவந்திருக்கிறது, தலைவலி தாங்கவில்லை என்று துணியை இறுக்கிக் கட்டியிருக்கிறார். இருமலும் ஆரம்பித்திருக்கிறது. நாளை நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போகிறேன்.

டிசம்பர் 10

டாக்டர் சின்ன வயசுப் பெண். முதல் கேள்வியே, "எங்கே வேலை பார்த்தீங்க?" இரண்டாவது, "உடம்புல எங்கயாவது கருப்பா பொருக்கு இருக்கா?" அக்கா இல்லை என்று தலையாட்டினார். நர்ஸ் திரைக்குப் பின்னால் கூட்டிப்போய், என்னையும் கூப்பிட்டார். பாவாடை நாடா இறுகுகிற இடத்தில், இடுப்புக்குப் பின்பக்கம், மிளகளவு ஒரு கருப்புப் பொருக்கு. சிகரெட்டால் சுட்டு ஆறியதுபோல் இருந்தது, சுற்றிலும் சிவப்பு வளையம். தொட்டால் வலியில்லை, அரிப்பும் இல்லை. அவருக்கே தெரியாது.

"இடுப்பயெல்லாம் போயி டாக்டருகிட்ட காட்டுவாங்களா கண்ணு?" என்றார் என்னிடம்.

இந்த நோயின் பாதிச் சிக்கல் அங்கேதான் இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். இதைப் பரப்புகிற சின்ன உயிர் துணி இறுகும் இடத்தில், மறைவான மடிப்பில்தான் பெரும்பாலும் கடிக்கும்: இடுப்பு, அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே. பெண்கள் காட்ட மாட்டார்கள், கூட்டம் நிறைந்த கிளினிக்கில் யாரும் தேட மாட்டார்கள். இது உண்ணிக் காய்ச்சல், ஸ்கிரப் டைபஸ் என்றார். ரத்தம் பரிசோதனைக்குப் போகிறது, ஆனால் முடிவுக்குக் காத்திருக்காமல் டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம் காலை ஒன்று, ராத்திரி ஒன்று. மூச்சு வாங்கினால் உடனே சேலம் பெரியாஸ்பத்திரி.

கடித்ததிலிருந்து காய்ச்சல் வருவதற்குப் பெரும்பாலும் பத்து நாள் ஆகுமாம். பின்னோக்கி எண்ணிப் பார்த்தோம். வேலியோர வரிசையில் வந்து நின்றது கணக்கு.

டிசம்பர் 12

காய்ச்சல் இறங்கிவிட்டது. இந்த மருந்துக்கு இரண்டு நாளில் இறங்கவில்லை என்றால் வேறு நோயா என்று யோசிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சாதாரணமாகக் காய்ச்சலுக்குப் போடுகிற பென்சிலின் வகை ஊசிகள் இதற்குக் கேட்காது. கிருமி நம் செல்லுக்குள்ளேயே குடியிருப்பது. தள்ளிப்போட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று போய் உயிருக்கே ஆபத்து. அப்படி முற்றியவர்களுக்கு டாக்ஸிசைக்ளினோடு அசித்ரோமைசினையும் சேர்த்து ரத்தக்குழாயில் ஏற்றுவது நல்லது என்று வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு 2023-ல் வெளியாகியிருக்கிறது. நல்லவேளை, எங்கள் அக்காவுக்கு மாத்திரையோடு போயிற்று. நாளைக்குக் கார்த்திகை தீபம். விளக்கு வைக்க எழுந்துவிடுவேன் என்கிறார்.

டிசம்பர் 17

இதைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். மாட்டில் நாம் பார்க்கிற உண்ணி இல்லையாம் இது. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு சிற்றுண்ணியின் குஞ்சு. வளர்ந்தது மண்ணுக்குள் பூச்சி முட்டையைத் தின்று வாழ்கிறது, யாரையும் கடிப்பதில்லை. குஞ்சுப் பருவத்தில் ஒரே ஒரு தடவை மட்டும் ஓர் உடம்பில் ஒட்டிக்கொண்டு உணவெடுக்கும். அதற்கு வேண்டியது எலி. மனிதன் நடுவில் போய் உட்கார்ந்துவிடுகிறான். கிருமி தாயிடமிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்கு இறங்குவதால், ஒரு புதரில் தங்கிவிட்டால் வருஷக்கணக்கில் அங்கேயே இருக்கும். பத்தடி தள்ளி ஒன்றுமிருக்காது.

அடர்ந்த காட்டில் இது அதிகமில்லை, காடு அழிந்து புதர் மண்டிய இடத்தில்தான் அதிகம் என்பதைப் படித்ததும் வேலிதான் ஞாபகம் வந்தது. நிழல் மரம் போனது, போரர் வந்தது, செடி செத்தது, புதர் வந்தது, எலி வந்தது. ஏற்காட்டில் சீதோஷ்ணம் மாறிவிட்டது என்று சொல்லாத ஆளில்லை, ஃபேன் போடாத வீடு இருந்த ஊர் இது. மாறியது உண்மை. ஆனால் எல்லாவற்றையும் வானத்தின் தலையில் போட்டுவிட்டால் மரம் வெட்டினவருக்கு வசதியாகப் போய்விடும்.

ஜனவரி 4, 2025

உண்ணிக் காய்ச்சல் பற்றிப் பொதுச் சுகாதாரத் துறை எச்சரித்திருப்பதாகச் செய்தி வந்திருக்கிறது. அக்கா பேத்தியை விட்டு எனக்கு அதை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லியிருக்கிறார்!

பெங்களூர்க்காரருக்கு போன் போட்டேன். "நீங்களே வெட்டிக்கோங்க மேடம், நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார். செலவு பற்றிக் கேட்டதும் சிக்னல் சரியில்லை.

ஜனவரி 19

கடைசிப் பறிப்புக்கு அக்கா வந்துவிட்டார். இன்னும் அசதி இருக்கிறது, கூடை தூக்க விடவில்லை. படுத்திருந்த நாளுக்குக் கூலி கொடுப்பதா என்று வீட்டில் ஒரு வாக்குவாதம். அவர் வாங்கிய கடி நம் வேலையில் வாங்கியது என்றேன். கொடுத்தாயிற்று.

வேலியை ஒட்டிப் புதரை ஒரு பட்டையாக வெட்டியாயிற்று. மருந்தடித்துக் கருக்கிவிடலாமே என்றார் மேலத் தோட்டத்து அண்ணன். கருகினால் அடுத்த மழைக்கு அதே லாண்டானா முளைக்கும். அந்த மருந்து வடிவதும் எங்கள் ஊற்றுக்குத்தான். வெட்டின இடத்தில் ஜூன் மழைக்குப் பலாவும் சில்வர் ஓக்கும் வைக்கக் கன்று சொல்லியிருக்கிறேன். நிழல் விழ வருஷங்கள் ஆகும்.

அதுவரைக்கும்: சாப்பாடு களத்துக் கொட்டகையில். கழற்றிய சட்டையைப் புதர்மேல் போடக்கூடாது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்து, உடுத்தின துணியைத் துவைத்துவிட வேண்டும். குளிக்க வெந்நீர் நாங்கள் போட்டுத் தருகிறோம். விறகு யார் கணக்கு என்று அடுத்த வாக்குவாதம் தொடங்கியிருக்கிறது.